கீழக்கரையில் ஒரு சீ ஹாரியர்: ரெசின் எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது

இந்தியக் கடற்படையிடம் இருந்த, நின்ற இடத்திலிருந்தே எழும்பும் சீ ஹாரியர் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல்; 1/48 அளவு, அதாவது நிஜத்தில் 48இல் ஒரு பங்கு. நிஜ விமானம் 14.5 மீட்டர் நீளம்; மாடலில் அது ஓர் அடி ஸ்கேலுக்கு மயிரிழை குறைவு. இறக்கை அகலம் 16 சென்டிமீட்டர்தான். கட்டியவர் கீழக்கரைத் தம்பி ஒருவர். கட்டித் தரச் சொன்னவர் உச்சிப்புளியில் வீடு கட்டிக் குடியேறிய, ஓய்வுபெற்ற கடற்படை விமான மெக்கானிக். ஊரில் எல்லாருக்கும் அவர் ‘சீஃப்’. கிட்டுக்கு (ஒட்டிக் கட்டும் பாகங்கள் அடங்கிய பெட்டிக்கு) ஆன செலவைவிட, அதைத் திருத்த வாங்கிய ரெசின் பாகங்களுக்கு, அதாவது அச்சில் ஊற்றி இறுகவைத்த பிசின் பாகங்களுக்கு, ஆன செலவு அதிகம். அதில் எந்தப் பணம் பேசியது, எது வாய் திறக்கவே இல்லை என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இந்த வேலையைச் செய்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் முழுதாக எழுதி வைக்கிறேன்.

சீ ஹாரியருக்கும் இந்தக் கரைக்கும் நேரடி உறவு கிடையாது. உச்சிப்புளியில் உள்ள கடற்படை விமானத்தளமான ஐ.என்.எஸ். பருந்து 2009இல் அந்தப் பெயரைப் பெற்றது. 2012 முதல் ஆளில்லா விமான அணியும் அங்கே இருக்கிறது. நம் தலைக்கு மேல் போவது சேட்டக் ஹெலிகாப்டர், டோர்னியர் விமானம் வகையறா. ஹாரியரின் வீடு கோவா. 1983 டிசம்பரில் முதல் விமானங்கள் டாபோலிமில் வந்து இறங்கின. வெள்ளைப்புலி சின்னம் கொண்ட 300ஆவது அணி அவற்றை முதலில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலிலும், 1987க்குப் பிறகு விராட் கப்பலிலும் ஓட்டியது. 2016 மே மாதம் விடைகொடுத்தார்கள். சீஃப் அந்த அணியில் கிரீஸ் கையோடு இருந்தவர். “பெட்டி மேல போட்டிருக்கிற படம் எனக்கு வேண்டாம்ப்பா. விராட் டெக்குல எஞ்சின அணைச்சுட்டு நிக்கிற மாதிரி வேணும்” என்பதுதான் அவர் சொன்ன ஒரே நிபந்தனை. அதன் கனம் அப்போது எங்கள் இருவருக்குமே புரியவில்லை.

கையில் இருந்த கிட் பழைய அச்சு. விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பலகைக் கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக நிற்கும் காலத்தது. விமானி இருக்கை ஏதோ பேருந்து சீட் போல. எஞ்சினின் வெளியேற்றுக் குழல்கள் இரண்டு பாதியாக வந்து, ஒட்டினால் நடுவில் தையல் தெரியும். காற்று உள்ளிழுக்கும் வாயைச் சுற்றிய துணைக் கதவுகள் எல்லாம் மூடியபடி, வெறும் கோடாக. ஆயுதங்களும் ஸ்டிக்கரும் பிரிட்டிஷ் கடற்படைக்கானவை.

பிளாஸ்டிக் கிட்டில் இது தவிர்க்க முடியாதது. எஃகு அச்சு நேராகத் திறந்து மூடும். உள்ளே வளைந்து போகிற பள்ளத்தையோ, அடியில் குடைந்த விளிம்பையோ அதில் வார்த்தால் பாகம் வெளியே வராது. ரெசின் பாகத்துக்கு அச்சு சிலிக்கான் ரப்பர். அதை வளைத்து, பிதுக்கி, பாகத்தை எடுத்துவிடலாம். அதனால் சீட் பெல்ட்டின் மடிப்பும், குழலுக்குள் இருக்கும் தகடுகளும் ஒரே வார்ப்பில் கிடைக்கின்றன. அச்சு சீக்கிரம் கிழிந்துபோகும் என்பதால் பெரிய கம்பெனிகள் இதில் இறங்குவதில்லை. சின்னப் பட்டறைகளின் தொழில். செக் குடியரசில்தான் கூட்டம் அதிகம்: ஏரிஸ், அவர்களுடைய குவிக்பூஸ்ட், சி.எம்.கே., எடுவார்டின் பிராசின் வரிசை. உக்ரைனின் ரெஸ்கிட்டும் உண்டு. இப்போது இவர்களில் பலர் வார்ப்பைக் குறைத்து முப்பரிமாண அச்சுக்கு நகர்ந்துவிட்டார்கள். தம்பி வாங்கியவை பழைய வார்ப்புப் பாகங்கள்: காக்பிட் தொட்டி (விமானி அமரும் அறை), இருக்கை, நான்கு குழல்கள், சக்கரங்கள், ஒரு ஜோடி மேஜிக் ஏவுகணை. ஐரோப்பாவிலிருந்து துபாயில் உள்ள மச்சான் முகவரிக்கு வந்து, அவர் ஊருக்கு வரும்போது சூட்கேஸில் வந்தன. கீழக்கரையில் இதைவிட நம்பகமான தபால் கிடையாது.

காக்பிட்

விலை அதிகமான பாகம் இதுதான். டப்பாவைத் திறந்ததும் கண் விரியும்: பக்கவாட்டுச் சுவிட்சுப் பலகை, கருவிகளின் வட்டங்கள், தரையில் ஓடும் கேபிள்கூட இருக்கிறது. முதலில் வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். ரப்பர் அச்சிலிருந்து பாகம் வழுக்கி வரப் போட்ட எண்ணெய்ப் பசை மேலே இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. பிறகு மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது தோலோடு வந்துவிடும். வார்ப்பில் பாகத்தோடு ஒட்டி வரும் அடிக்கட்டையைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு மெல்லிய ரம்பத்தால் அறுத்தார். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போடாமல், காய்ந்த நிலையில், ஃபேன் காற்றில் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அடுத்து வந்தது தலைவலி. தொட்டி, கிட்டின் உடலுக்குள் நுழையவில்லை. உடலின் இரண்டு பாதிகளும் தடித்த சுவர். அதற்குள் கிட் தரும் தொட்டி குறுகலாக, பொம்மையாக இருக்கும். ரெசின் தொட்டி நிஜ அகலத்துக்கு நெருங்கியது. ஆகவே பிளாஸ்டிக் சுவர்தான் வழிவிட வேண்டும். தம்பி சின்ன டிரில்லில் உருளைக் கல்லை மாட்டி, வேகத்தை மிகக் குறைத்துவைத்து உள்சுவரைச் செதுக்கினார். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகிக் கல்லில் சுற்றிக்கொள்ளும். சுவரின் உட்பக்கம் மார்க்கரால் கறுப்படித்து, தொட்டியை அழுத்தி, எங்கே உராய்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் எடுத்தார். விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்த பிறகே இரண்டு பாதியும் சேர்ந்தன. மெலிந்த சுவர் தொட்டால் உள்வாங்கியது. பின்னால் உப்புத்தாள் தேய்க்கும்போது அந்த இடம் குழிந்துவிடாமல் இருக்க, உள்ளே அரால்டைட் பூசிக் கெட்டிப்படுத்த வேண்டியிருந்தது.

இவ்வளவும் செய்து, மேல் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் தெரிவது என்ன? இருக்கையின் தலைப்பகுதி, தோளில் விழும் பெல்ட், தொடைகளுக்கு நடுவே மஞ்சளும் கறுப்புமான இழுப்பு வளையம், முன்பலகையின் மேல் விளிம்பு. பக்கவாட்டுப் பலகை இருட்டில் போய்விட்டது. சீ ஹாரியரின் மார்ட்டின் பேக்கர் 10 வகை இருக்கைதான் அங்கே ராஜா. கிட்டின் தொட்டியிலேயே இந்த ஒரு ரெசின் இருக்கையை வைத்திருந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்வேன். தம்பி இதை ஒத்துக்கொள்ள மாட்டார். “உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியும்ல காக்கா” என்பார்; காக்கா என்றால் இங்கே அண்ணன். அதுவும் ஒரு நியாயம். ஆனால் அது செலவுக் கணக்கில் வராது.

தொட்டியால் உறுதியாகக் கிடைத்த ஒரே லாபம், கனம். மூக்கில் எடை இல்லாவிட்டால் இந்த மாடல் பின்னால் சாய்ந்துவிடும். இங்கே எல்லோரும் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டைத்தான் போடுவார்கள். கடைக்கு அலைய வேண்டாம். ஒரு எச்சரிக்கை: ஈயத்தை ஃபெவிகால் வகைப் பசையில் புதைக்காதீர்கள். அதிலிருந்து வரும் அமில ஆவியில் ஈயம் மெல்ல வெள்ளைப் பூத்து ஊதும். ரயில் மாடல் கட்டுகிறவர்கள் சில வருடங்கள் கழித்து இன்ஜின் வயிறு வெடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். அரால்டைட் போன்ற எபாக்சியில் புதைத்தால் பிரச்சினை இல்லை. இந்த ஹாரியரில் ரெசின் தொட்டியே மூக்கை அழுத்திவிட்டதால் குண்டு தேவைப்படவில்லை.

சீஃப் பார்த்தது எதை

உடல் ஒட்டி, பிரைமர் அடிக்கும் முன் சீஃபிடம் கொண்டுபோனோம். காக்பிட்டைக் காட்ட தம்பி டார்ச்சே எடுத்துவைத்திருந்தார். சீஃப் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாடலைக் கையில் வாங்கியதும் கட்டைவிரல் நேராக காற்றுவாயின் பக்கம் போனது.

“எஞ்சின் அணைஞ்சிருக்குல்ல?”

“ஆமா சீஃப்.”

“அப்ப மேல் கதவெல்லாம் உள்ள விழுந்து கெடக்கணுமே. இது என்ன, எல்லாம் சாத்திக் கெடக்கு?”

ஹாரியரின் இரு பக்கத்துக் காற்றுவாய்க்குப் பின்னும் எட்டு எட்டுத் துணைக் கதவுகள் வளையமாக இருக்கும். மெதுவாகப் பறக்கும்போதும், நின்ற இடத்திலிருந்து எழும்பும்போதும் முன்வாயால் வரும் காற்று எஞ்சினுக்குப் போதாது. அப்போது உறிஞ்சலில் இவை தாமாக உள்நோக்கித் திறந்து கூடுதல் காற்றை விடும். வேகம் ஏறினால் தாமாக மூடும். மோட்டார், கம்பி எதுவும் கிடையாது, தொங்கும் தகடுகள். ஆகவே எஞ்சின் அணைந்து நிற்கையில் மேல் வளைவில் உள்ளவை தம் எடையிலேயே உள்ளே சரிந்துவிடும். கீழ் வளைவில் உள்ளவை அதே எடையில் மூடிக்கொள்ளும். எல்லாம் மூடிய ஹாரியர் வேகமாகப் பறந்துகொண்டிருக்க வேண்டும், எல்லாம் திறந்தது முழுச் சத்தத்தில் உறும வேண்டும். இது இரண்டும் இல்லாமல் மேசையில் சக்கரம் ஊன்றி நின்றால் மெக்கானிக் கண்ணுக்கு அது பொய்.

அடுத்த கேள்வி குழல்களைப் பற்றி. “நாலும் ஒரே சங்கிலிப்பா. முன்னது பின்னால பாத்து, பின்னது கீழ பாத்து நிக்காது.” ஹாரியரின் நான்கு குழல்களும் தண்டும் சங்கிலியுமாக இணைந்து ஒன்றாகத்தான் திரும்பும், நேர் பின்னாலிருந்து, செங்குத்தைத் தாண்டிச் சற்று முன்னோக்கியும் போகும். கிட்டில் ஒவ்வொன்றும் தனித்தனி முளையில் சுழலுவதால், கை பட்டுப் பட்டு ஆளுக்கொரு திசையில் நிற்கும் ஹாரியர் மாடல்களைக் கண்காட்சிகளிலேயே பார்க்கலாம். ரெசின் குழல்களுக்கு முளையே இல்லை. ஒரு கோணம் முடிவு செய்து ஒட்டினால் ஒட்டியதுதான். இதை முதலில் குறை என்று நினைத்தோம். சங்கிலியைக் கேட்ட பிறகு வசதி என்று தோன்றியது. நான்கையும் நேர் பின்னால் வைத்தாயிற்று.

குழல்கள் வாங்கியது நல்ல செலவு. விளிம்பு மெல்லியது, தையல் இல்லை, உள்ளே தகடுகள் சரியாகக் குறுக்கே ஓடுகின்றன. நிறத்திலும் சீஃப் ஒரு திருத்தம் சொன்னார். முன் இரண்டில் வருவது விசிறி தள்ளும் காற்று மட்டும். அங்கே கரி படியாது. பின் இரண்டில்தான் எரிந்த வாயு. அதற்குப் பின்னால் உடலில் பதித்த வெப்பத் தகட்டையும் சேர்த்துக் கருக்க வேண்டும். நான்கையும் ஒரே கருப்பில் அழுக்காக்குவது மாடல்காரர்களின் பழக்கம். கப்பலில் அப்படி இருந்ததில்லை என்றார்.

படகுக் கொட்டகைப் பாடம்

கதவுகளுக்கு என்ன செய்வது? இந்தக் கிட்டுக்குப் பொருந்தும் திறந்த கதவு வளையம் தம்பி தேடிய இடங்களில் கிடைக்கவில்லை. தானே வார்க்கலாம் என்று இறங்கினார். கிட்டின் காற்றுவாயிலிருந்து அந்தப் பட்டையை வெட்டி, மேல் திறப்புகளை ஊசிமுனைக் கத்தியால் குடைந்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் கதவுகள் வெட்டி உள்ளே சாய்த்து ஒட்டி, ஒரு மூல மாதிரி செய்தார். வலதுக்கும் இடதுக்கும் தனித்தனியாக. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது ஆகாது.

வார்க்கும் ரெசின் எங்கே? இராமநாதபுரம் கரையில் ரெசினுக்கா பஞ்சம்! ஃபைபர் வள்ளம் கட்டும் கொட்டகையில் டிரம் டிரம்மாக நிற்கிறது. ஏர்வாடிப் பக்கம் தெரிந்த மேஸ்திரியிடம் ஒரு தண்ணீர் பாட்டில் நிறைய வாங்கிவந்தார், ஹார்ட்னரும் சேர்த்து. முதல் வார்ப்பு ரப்பர் அச்சிலிருந்து வெளியே வந்தபோது அச்சு தொட்ட முகம் பளபளவென்று இருந்தது. காற்று தொட்ட முகம் மட்டும் மறுநாளும் விரலில் ஒட்டியது. மாதிரியோடு வைத்துப் பார்த்தால் சற்றுச் சிறுத்தும் இருந்தது. கிட்டின் உடலில் பொருத்தி அழுத்தி வைத்ததில், தொட்ட இடத்தில் பிளாஸ்டிக் மிருதுவாகி ரேகை பதிந்துவிட்டது.

மேஸ்திரி கேட்டுச் சிரித்தார். படகு ரெசின் பாலியெஸ்டர். அதைக் கரைத்து வைத்திருப்பது ஸ்டைரீன். காற்றுப் பட்ட மேற்பரப்பு முழுதாக இறுகாது, அதனால்தான் படகில் கடைசிப் பூச்சுக்கு மெழுகு கலக்கிறார்கள். கிட்டின் பிளாஸ்டிக்கோ பாலிஸ்டைரீன். ஸ்டைரீன் பட்டால் கரையும். உறவுக்காரர்களைப் பக்கத்தில் உட்கார வைத்தது போல ஆகிவிட்டது. மாடல் பாகங்களுக்கு வேண்டியது இரண்டு பாட்டில்களாக வரும் பாலியூரித்தேன். அது சுருங்குவதும் குறைவு. தம்பி கடைசியில் அதைத்தான் வரவழைத்தார்.

அதற்கு இந்தக் கரையில் வேறொரு எதிரி: ஈரம். பாலியூரித்தேனின் ஒரு பாட்டிலில் இருக்கும் ஐசோசயனேட், தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு விடும். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் பாட்டிலைத் திறந்து வைத்துக் கலக்கினால் வார்ப்பு பிரெட் மாதிரிப் பொங்கி, வெட்டினால் உள்ளே முழுக்கப் பொத்தல். மேஸ்திரி சொன்ன யோசனைகள் இங்கே பலித்தன: சின்ன பாட்டிலாக வாங்கு, எடுத்ததும் மூடு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வை, மழைக்காலத்தில் வார்க்காதே. தம்பி ஏ.சி. ஓடி அறையின் ஈரம் இறங்கிய பிறகு வார்த்தார். அச்சின் மூலைகளில் முதலில் பல்குச்சியால் கொஞ்சம் ரெசினைத் தடவிவிட்டு, பிறகு மீதியை ஒரு ஓரத்திலிருந்து நூலாக ஊற்றினார். காற்றழுத்தப் பாத்திரம் இல்லாமலே கதவுகள் முழுதாக வந்தன. வாங்கிய பாகங்களை இப்படி அச்செடுத்து நகல் போடச் சொல்லி ஒரு நண்பர் கேட்டார், தம்பி மறுத்துவிட்டார். சரிதான். ஒருவன் உட்கார்ந்து செதுக்கிய மாதிரியை ரப்பரில் அமுக்கி எடுப்பது திருட்டு.

ஈரம் ஒட்டுவதிலும் விளையாடும். கிட்டின் பிளாஸ்டிக் சிமெண்ட் ரெசினைக் கரைக்காது, ஆகவே ஒட்டாது. ஃபெவிக்விக் வகையோ எபாக்சியோதான் வழி. ஃபெவிக்விக் இறுகுவதே காற்றிலுள்ள ஈரத்தால். இங்கே பாகத்தை நேராக்குவதற்குள் கல்லாகிவிடுகிறது. குழல், தொட்டி போன்று கோணம் பார்க்க வேண்டியவற்றுக்கு எபாக்சியே நிம்மதி. கண்ணாடி மூடியின் அருகே ஃபெவிக்விக் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெண்புகையாகப் படியும். அந்த மூடியில், விமானி இருக்கையோடு வெளியேறும்போது கண்ணாடியைச் சிதறடிக்க வெடிநாண் வளைந்து வளைந்து ஓடுகிறது. அதை வரையவே தம்பி மெல்லிய பிரஷ்ஷோடு மூச்சடக்கி உட்கார்ந்திருந்தார். அதன்மேல் புகை படிந்தால் கதை முடிந்தது. மூடிக்கு சாதாரண ஃபெவிகால் போதும். அங்கே ஈயம் இல்லை.

மேஜிக் ஏவுகணைகள் வெயிலில் வளைந்தன. பிரிட்டிஷ் ஹாரியர் சைட்விண்டர் சுமந்தது, நம்முடையது பிரெஞ்சு மேஜிக். முன்பக்கம் இரண்டு அடுக்காகத் துடுப்பு இருக்கும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். ஆகவே விட முடியாது. 1/48இல் அது 57 மில்லிமீட்டர் நீளம், மூன்றே சொச்சம் தடிமன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையில் வைத்தது வாழைப்பழமாக வளைந்தது. வெந்நீரில் முக்கி நிமிர்த்தினார்; ரெசின் அதற்கு இணங்கும். ஜன்னலோர அலமாரியில் வைத்ததும் மறுபடி தொங்கியது. கடைசியில் நடுவுடலுக்குப் பித்தளைக் குழாயை அறுத்து வைத்து, முனையும் துடுப்புகளும் மட்டும் ரெசினிலிருந்து எடுத்து ஒட்டினார். இதே காரணத்தால் சக்கரக் கால்களுக்கு அவர் ரெசினைத் தொடவில்லை. நம் ஊர் மே மாதத்தில் எடை தாங்கும் எதற்கும் ரெசின் ஆகாது. சக்கரங்கள் வேறு; தரையில் அழுந்திய தட்டை முகத்தோடு வந்தன, அறுத்து மாட்டியதும் வேலை முடிந்தது. போட்ட பணத்துக்கு மேல் திருப்பிக் கொடுத்தது அவைதான்.

நிறத்தில் சொல்ல அதிகம் இல்லை. ஆரம்ப வருடங்களின் தோற்றம்: மேலே அடர்ந்த கடல்சாம்பல், வயிறு வெள்ளை. பிளாஸ்டிக், ரெசின், பித்தளை மூன்றும் ஒரே தோலாகத் தெரிய பிரைமர் கட்டாயம். மழை ஈரத்தில் லாக்கர் வகைப் பெயிண்ட் அடித்தால் பால் தெளித்தது போல வெளுக்கும் என்பதால் வானம் வெளுக்கும்வரை காத்திருந்தார்.

சீஃப் மாடலை வாங்கிக்கொண்டபோது முதலில் கதவுகளை எண்ணினார், அடுத்து நான்கு குழல்களையும் பக்கவாட்டில் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தார். ஏவுகணையைத் தொட்டு “மேஜிக்” என்றார். காக்பிட் பற்றிக் கடைசிவரை பேச்சில்லை. செலவு வரிசையைத் தலைகீழாக அடுக்கினால் அவர் கண் போன வரிசை வருகிறது. கதவுகளுக்கு ஆனது கொஞ்சம் ரப்பரும் ரெசினும்தான்.

தம்பியின் மேசையில் இப்போது சேட்டக், 1/72. இன்னும் எதுவும் ஆர்டர் போடவில்லை. பாகங்களைப் பரப்பி, சீஃபைக் கூப்பிட்டு, எதை மாற்ற வேண்டும் என்று பென்சிலால் வட்டமிடச் சொல்லியிருக்கிறார். நான் நினைத்ததற்கு மாறாக, இம்முறை முதல் வட்டம் விழுந்தது காக்பிட்டில். சேட்டக்கின் முன்புறம் முழுவதும் கண்ணாடி. இருக்கை, தரை, பெடல் எல்லாம் வெளியே தெரியும். இரண்டாவது வட்டம், கூரை மேல் மூடியில்லாமல் நிற்கும் ஆர்டூஸ்ட் எஞ்சினுக்கு. சக்கரத்துக்கு வட்டமே இல்லை. அதைத் தம்பி தானாகவே பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.